நாலு பக்கமும் அளந்தாச்சு, இடம் எவ்வளவு?

(கணக்கு வாத்தியார் பதில்கள்)

போன இதழில் வட்டத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்கள் எல்லாம் முக்கோணத்தைப் பற்றி. சரி, வாசகர் விருப்பம்.

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தா விட்டுப்போன துண்டு நிலம் ஒன்று இருக்கிறது. நாலு பக்கத்தையும் நானே டேப் பிடித்து அளந்தேன். வரிசையாக 20 மீட்டர், 15, 7, 24. பெரியப்பா மகன் 6 பெர்ஷுக்கு மேல் வரும் என்கிறார். என் தம்பி 5-தான் என்கிறான். பங்கு பிரிக்கிற நேரத்தில் வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுபோச்சு. யார் சொல்வது சரி? (மகேபூர் வாசகர்)

உங்களுக்குள் சண்டை வேண்டாம். டேப்பைக் கொஞ்சம் சீக்கிரம் சுருட்டி வைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். நாலு பக்கம் மட்டும் தெரிந்தால் யாராலும் பரப்பு சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

முதலில் பெரியப்பா மகனின் கணக்கைப் பார்ப்போம். எதிரெதிர் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு பாதிகளையும் பெருக்கியிருப்பார். 20-ம் 7-ம் 27, அதில் பாதி 13.5. 15-ம் 24-ம் 39, அதில் பாதி 19.5. பெருக்கினால் 263 சதுர மீட்டர் சொச்சம். நம் மொரிஷியஸில் ஒரு பெர்ஷ் 42.21 சதுர மீட்டர், ஆகவே 6.24 பெர்ஷ். இது ரொம்பப் பழைய வழி. எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில் பொறித்திருக்கும் நிலக்கணக்குகள் இதே முறையில்தான் போடப்பட்டிருக்கின்றன. இதில் ஒரு விசேஷம் உண்டு. செவ்வகமாக இருந்தால் சரியான விடை வரும். வேறு எந்த வடிவமானாலும் கூட்டித்தான் காட்டும், ஒருநாளும் குறைத்துக் காட்டாது. விற்கிறவருக்கும் வரி வாங்குகிறவருக்கும் இதைவிடப் பிடித்த கணக்கு இருக்க முடியாது.

இப்போது என் வழி. எதிர் எதிர் மூலைகளுக்கு இடையே குறுக்காக ஒரு அளவு எடுங்கள். 20-ம் 15-ம் சேரும் மூலையை விட்டுவிட்டு, அந்த இரண்டு பக்கங்களின் மறுமுனைகளுக்கு நடுவே டேப்பை இழுங்கள். அதுதான் மூலைவிட்டம். நாற்கரம் அங்கே இரண்டு முக்கோணமாகப் பிரிந்துவிடும். மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணம் அசையாது. அதற்கு ஒரே வடிவம், ஒரே பரப்பு. பள்ளிக்கூடத்தில் 'மூன்று பக்கங்களும் சமமானால் முக்கோணங்கள் சர்வசமம்' என்று மனப்பாடம் செய்தோமே, அது இதுதான்.

மூலைவிட்டம் 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முக்கோணம் 15, 20, 25. இன்னொன்று 7, 24, 25. ஹெரோன் முறைப்படி இரண்டாவதைப் போட்டுக் காட்டுகிறேன். மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் 28. அதிலிருந்து ஒவ்வொரு பக்கமாகக் கழித்தால் 21, 4, 3. நாலு எண்ணையும் பெருக்குங்கள்: 28 × 21 × 4 × 3 = 7056. வர்க்கமூலம் 84. முதல் முக்கோணத்துக்கு இதே மாதிரி 150 வரும். மொத்தம் 234 சதுர மீட்டர், 5.54 பெர்ஷ்.

அதே நிலத்தில் மூலைவிட்டம் 21 மீட்டர்தான் என்றால்? நாலு பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் கூட மாறவில்லை. ஆனால் பரப்பு 213 சதுர மீட்டராக இறங்கிவிடும். 5.05 பெர்ஷ். அரை பெர்ஷ் எங்கே போனது என்று யார் மேலும் சந்தேகப்பட வேண்டாம், நிலம் கோணலாக இருக்கிறது. உங்கள் தம்பி சொல்வது நடக்கக்கூடியது. பெரியப்பா மகனின் 6.24 மட்டும் எந்த மூலைவிட்டத்துக்கும் வராது. இந்த நாலு பக்கங்களை வைத்து அடைக்கக்கூடிய அதிகபட்ச இடமே 234-தான். நாலு மூலையும் ஒரே வட்டத்தின் மேல் உட்காரும்போது மட்டும் அது கிடைக்கும்.

வாத்தியார் ஆவதற்கு முன்னால் நான் ஓர் அர்ப்பாந்தேரிடம், அதாவது நில அளவையாளரிடம், சங்கிலி பிடித்தவன். மூலைவிட்டத்தை ஏன் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வேலியோரமாக நடந்து நாலு பக்கம் அளப்பது சுலபம். குறுக்கே போனால் ஆளுயரக் கரும்பு நிற்கும். கரும்பை வெட்டின பிறகு போனாலும், நம் முன்னோர்கள் பொறுக்கிக் குவித்த கருங்கல் குவியல் சரியாக நடுவில் இருக்கும். டேப் அதன் மேல் ஏறி இறங்கினால் அளவு கூடிவிடும். அதனால் நாங்கள் குவியலுக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பு, அந்தப் பக்கம் ஒரு கம்பு நட்டு, இன்னொரு முக்கோணம் போட்டுச் சுற்றிக்கொண்டு வருவோம். நேரம் பிடிக்கும். ஆனாலும் அதைத் தவிர்த்துவிட்டு என் முதலாளி ஒரு வரைபடத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை.

இதில் நமக்கு முன்னால் கோபப்பட்டவர் ஒருவர் உண்டு. 1150-ல் லீலாவதி என்ற கணக்கு நூலை எழுதிய இரண்டாம் பாஸ்கரர். மூலைவிட்டத்தையோ செங்குத்தையோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்கிறவன் பிசாசு என்கிறார். அப்படிக் கேட்டவனுக்குப் பதில் சொல்கிறவன் அவனைவிட மோசமான பிசாசாம்! ஆகவே என்னை மன்னியுங்கள், அளவு வராமல் நான் பதில் சொல்ல மாட்டேன். மூலைவிட்டத்தை அளந்து எழுதுங்கள். பத்திரத்துக்குப் போகும்போது எப்படியும் உரிமம் பெற்ற அர்ப்பாந்தேர்தான் வர வேண்டும். அவர் வருவதற்கு முன் வீட்டில் பேச்சுவார்த்தை தொடங்கட்டும்.

கேள்வி: ஃபிளாக் பக்கம் ஒரு முக்கோண மூலை மனை விலைக்கு வந்திருக்கிறது. காட்டிய தாளில் பக்கங்கள் 9, 12, 22 என்று இருக்கின்றன. பரப்பு எவ்வளவு வரும்? (திரியோலே வாசகி)

பரப்பு இருக்கட்டும் அம்மா, அப்படி ஒரு மனையே கிடையாது. 9-ம் 12-ம் சேர்ந்து 21. எந்த முக்கோணத்திலும் இரண்டு பக்கங்களைக் கூட்டினால் மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 22 மீட்டர் வேலியின் இரண்டு முனைகளிலிருந்தும் 9-ம் 12-ம் கிளம்பினால் நடுவில் ஒரு மீட்டர் தூரம் சந்திக்காமலே நிற்கும். லீலாவதியில் இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 3, 6, 9 பக்கமுள்ள முக்கோணம் என்று ஒருவன் துணிந்து சொன்னால், அந்த நீளத்துக்குக் குச்சி வெட்டித் தரையில் வைத்துக் காட்டு என்கிறார் பாஸ்கரர்.

விற்பவர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பழைய பத்திரத்திலிருந்து எடுத்து எழுதும்போது ஓர் அளவு பிரெஞ்சு அடியிலேயே தங்கியிருக்கலாம். 22 பிரெஞ்சு அடி என்றால் ஏறக்குறைய 7.15 மீட்டர். 9, 12, 7.15 ஒழுங்கான முக்கோணம்தான். மூல வரைபடத்தைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால், அப்புறம் உங்கள் இஷ்டம்.

கேள்வி: என் மகன் கிரேட் 8 படிக்கிறான். முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் 180 டிகிரி என்பதற்கு, காகிதத்தில் வெட்டிய முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து ஒட்டிக் காட்டினான். நேர்க்கோடாக அழகாக வந்தது. 'இது நிரூபணம் இல்லை' என்று டீச்சர் மதிப்பெண் தரவில்லை. இது நியாயமா? (ரோஸ் ஹில் வாசகி)

பையன் கிழித்தது நல்ல காரியம், டீச்சர் சொன்னதும் சரி. ஒட்டின கோடு 180 டிகிரியா 179 டிகிரியா என்று உங்கள் கண்ணுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அவன் ஒரு முக்கோணத்தைத்தான் கிழித்தான். கிழிக்காத மற்றதெல்லாம் என்ன ஆவது?

நிரூபணம் மூன்று வரிதான். முக்கோணத்தின் அடிப்பக்கம் கீழே இருக்கட்டும். உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். உச்சியில் இப்போது பக்கத்துக்குப் பக்கமாக மூன்று கோணங்கள் உட்கார்ந்திருக்கும். நடுவில் உள்ளது முக்கோணத்தின் உச்சிக்கோணமே. இடப்பக்கம் உள்ளது அடியில் இருக்கும் இடக்கோணத்துக்குச் சமம், வலப்பக்கம் உள்ளது வலக்கோணத்துக்குச் சமம், ஏனென்றால் இணைகோடுகளை ஒரு கோடு வெட்டும்போது ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். மூன்றும் சேர்ந்து ஒரு நேர்க்கோட்டை நிரப்புகின்றன, ஆகவே 180. எந்த முக்கோணத்துக்கும் இதே பேச்சுதான், எதையும் கிழிக்க வேண்டியதில்லை.

இந்த நிரூபணத்தின் உயிர் அந்த இணைகோட்டில் இருக்கிறது. அதைப் பையனுக்குப் புரியவைக்க வேண்டுமானால் ஒரு பூகோள உருண்டையை எடுங்கள். தென் துருவத்திலிருந்து பூமத்திய ரேகைக்கு ஒரு தீர்க்கக்கோடு. அதிலிருந்து 90 டிகிரி தள்ளி இன்னொரு தீர்க்கக்கோடு. பூமத்திய ரேகை மூன்றாவது பக்கம். மூன்று மூலையிலும் செங்கோணம், மொத்தம் 270! உருண்டையின் மேல் போடுகிற 'நேர்க்கோடுகள்' எல்லாம் எங்காவது வெட்டிக்கொள்ளும், இணைகோடு என்று ஒன்று அங்கே இல்லை. அதனால் நம் மூன்று வரி நிரூபணம் அங்கே நடக்காது. காகிதம் கிழித்தவனுக்கு இது ஏன் என்று தெரிய வழியில்லை. இணைகோடு போட்டவனுக்குத் தெரியும்.

கேள்வி: பித்தாகரஸுக்கு முன்பே தமிழர்கள் வர்க்கமூலமே இல்லாமல் கர்ணம் கண்டுபிடித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு வருகிறது. நீளத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தோடு உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணமாம். இதை ஏன் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை? (வாக்வா வாசகர்)

எனக்கும் வாரம் தவறாமல் யாராவது அனுப்புகிறார்கள். பாட்டை யார் எழுதினார் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. சூத்திரத்தை மட்டும் போட்டுப் பார்ப்போம்.

நீளம் 4, உயரம் 3. நாலில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளினால் 3.5, அதோடு 1.5 சேர்த்தால் 5. சரி. நீளம் 12, உயரம் 5. 10.5-ம் 2.5-ம் 13. அதுவும் சரி. வாட்ஸ்அப் செய்தி இங்கே கைதட்டி முடித்துவிடும். நாம் நிறுத்த வேண்டாம். நீளமும் உயரமும் 10 என்று வையுங்கள். சூத்திரம் 13.75 என்கிறது, உண்மை 14.14. இன்னும் ஒன்று: நீளம் 16, உயரம் 2. 14-ம் 1-ம் 15! கர்ணம் பக்கத்தைவிடச் சின்னதாகிவிட்டது. எந்த முக்கோணத்திலும் பெரிய கோணத்துக்கு எதிரில்தான் பெரிய பக்கம் இருக்கும். செங்கோண முக்கோணத்தில் பெரிய கோணம் செங்கோணம், அதன் எதிரில் கர்ணம். அது 16-ஐவிடக் குறைய வழியே இல்லை. 16 மீட்டர் தரையில், 2 மீட்டர் ஏறுகிற கூரைக்கு 15 மீட்டர் தகரம் வாங்கிப் பாருங்கள், தச்சர் என்ன சொல்கிறார் என்று.

எங்கெல்லாம் இந்தச் சூத்திரம் மிகச் சரியாக வரும் என்று பித்தாகரஸ் தேற்றத்தோடு சமன்படுத்திப் பார்த்தேன். உயரத்தை நீளத்தால் வகுத்து வருவதை 'வி' என்று வைத்தால், 48 வி² − 56 வி + 15 = 0 என்று வந்து நிற்கிறது. தீர்வு இரண்டே இரண்டு: நாலில் மூன்று, பன்னிரண்டில் ஐந்து. அதாவது செய்தியில் காட்டுகிற 3-4-5, 5-12-13, அப்புறம் அவற்றின் மடங்குகள். வேறு எதற்கும் சரியாக வராது. உதாரணம் இரண்டையும் பொறுக்கி எடுத்தவர் சும்மா எடுக்கவில்லை!

ஆனாலும் சூத்திரத்தை ஒரேயடியாகத் தள்ளவும் மனமில்லை. அந்த இரண்டு வடிவங்களுக்கும் இடைப்பட்ட சரிவுகளில் பிழை நூற்றுக்கு ஒன்று கூட வராது. காகிதமும் பென்சிலும் இல்லாமல் மரம் அறுக்கிறவருக்கு அது நல்ல கைக்கணக்கு. தேற்றம் அல்ல, அவ்வளவுதான். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், எங்கே சறுக்கும் என்பதையும் சேர்த்து. பெருமைதான் வேண்டும் என்றால் சுல்பசூத்திரங்களைப் பாருங்கள். வேள்வி மேடைக்குக் கயிறு பிடித்தவர்கள், பௌதாயனரில் தொடங்கி, இரண்டின் வர்க்கமூலத்துக்கு 577/408 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கால்குலேட்டரில் வகுத்துப் பாருங்கள், தசமத்தில் ஐந்து இடம் வரை ஒத்துப்போகும்.

கேள்வி: கோயில் காவடிக்குப் போட்ட பந்தல் ஒரே காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மூங்கில் நல்ல மூங்கில், கட்டும் இறுக்கம்தான். என்ன குறை? (போர்ட் லூயி இளைஞர்)

தம்பி, குறுக்குக் கழி போட்டீர்களா? இரண்டு கால், மேலே ஒரு விட்டம், கீழே தரை. அது நாற்கரம். நாலு நீளமும் மாறாமலே அது சாயும். மேலே மகேபூர்க்காரர் நிலத்துக்கு ஆனதுதான் உங்கள் பந்தலுக்கும் ஆனது. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஒரு மூங்கிலைக் கட்டுங்கள். முக்கோணம் சாய வேண்டுமானால் மூங்கில் ஒடிய வேண்டும், இல்லை கட்டு அவிழ வேண்டும். நாலு பக்கத்துக்கும் போடுங்கள், வாசல் பக்கம் முடியாவிட்டால் மேல் மூலைகளில் சின்னதாகவாவது. காவடி வருவதே புயல் மாதத்தில் என்பதை உங்கள் குழுவில் யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: விமானம் இல்லாத காலத்தில் நம் தீவுக்கு எப்படி வரைபடம் போட்டார்கள்? மலைகள் குறுக்கே இருக்கின்றனவே, எதன் மேல் சங்கிலி போட்டார்கள்? (கத்ர் போர்ன் வாசகர்)

மலைதான் அவர்களுக்கு உதவி. 1753-ல் லக்காய் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், வானியல் அறிஞர், நன்னம்பிக்கை முனையில் தென்வானத்து நட்சத்திரங்களை அளந்து முடித்துவிட்டு இங்கே வந்தார். வந்தவர் முக்கோண முறையில் தீவை அளந்தார். சமதரையில் ஒரே ஒரு கோட்டை மட்டும் மிகக் கவனமாக அளக்க வேண்டும். அதன் இரண்டு முனைகளிலிருந்தும் தூரத்துச் சிகரத்தைப் பார்த்துக் கோணம் எடுக்க வேண்டும். ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முடிவாகிவிட்டது. சிகரத்துக்கு நடந்து போகாமலே அதன் தூரம் கிடைக்கும்.

ஒரு கணக்குப் பாருங்கள். அடிக்கோடு 1000 மீட்டர், கோணங்கள் 70, 80. மூன்றாவது தானாக 30. சைன் விதிப்படி மற்ற இரண்டு பக்கங்களும் 1879 மீட்டரும் 1970 மீட்டரும். இப்போது அந்த 1970 அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படி மலைக்கு மலை தாவிக்கொண்டே போகலாம், சங்கிலி தேவையில்லை. முடிந்த இடங்களில் மூன்றாவது கோணத்தையும் போய் அளப்பது வழக்கம். 180-க்கு எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு கருவிப் பிழை. ரோஸ் ஹில் பையன் இதையும் படிக்கட்டும்.

லக்காய் தென்வானத்தில் 14 புதிய விண்மீன் கூட்டங்களுக்குப் பெயர் வைத்தார். கவராயம் ஒன்று, மூலைமட்டம் ஒன்று. இரண்டும் ஏற்கெனவே அங்கிருந்த தென்முக்கோணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மனிதருக்குத் தொழில் மேல் அவ்வளவு பற்று.

கேள்வி: இரண்டு பக்கமும் ஒரு கோணமும் சமமாக இருந்ததால் 'சர்வசமம்' என்று எழுதினேன். தப்பு என்று அடித்துவிட்டார்கள். புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது? (கிரேட் 9 மாணவி, பொ பாஸன்)

புத்தகத்தை இன்னொரு முறை பார் பாப்பா. அந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையில் உள்ள கோணம் என்று இருக்கும். இடையில் இல்லாத கோணமானால் கதை வேறு.

கவராயத்தை எடு. ஒரு நீளமான கோடு போட்டு அதன் இடமுனையில் 30 டிகிரி கோணம் போடு. சாய்ந்த கோட்டில் 10 செ.மீ. அளந்து புள்ளி வை. அந்தப் புள்ளியில் ஊசியை ஊன்றி 6 செ.மீ. ஆரத்தில் வில் போடு. கீழ்க்கோட்டை வில் இரண்டு இடத்தில் வெட்டும், இடமுனையிலிருந்து ஏறக்குறைய 5.3 செ.மீ.யிலும் 12 செ.மீ.யிலும். இரண்டும் முக்கோணம்தான், இரண்டிலும் 30 டிகிரி, 10, 6 எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒன்று மெலிசு, ஒன்று பெரிசு. சர்வசமம் எங்கே இருக்கிறது?

ஆரத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். 6-ஐ 5 ஆக்கினால் வில் கோட்டைத் தொட்டுக்கொண்டு மட்டும் போகும், ஒரே முக்கோணம், அது செங்கோண முக்கோணம். 5-க்குக் கீழே போனால் வில் கோட்டுக்கு எட்டவே எட்டாது. 10-ஓ அதற்கு மேலோ என்றால் மறுபடியும் ஒன்றே ஒன்றுதான் வரும், அங்கே நீ எழுதியது சரியாகிவிடும். தெரிந்த கோணம் செங்கோணமாக இருந்தாலும் உன் விடைக்கு மதிப்பெண் உண்டு, செங்கோணம்-கர்ணம்-பக்கம் என்று அதற்குத் தனி விதியே புத்தகத்தில் இருக்கிறது.